இருபத்தாறு இலக்கம்

ஹைதராபாத் என்றால் எல்லோருக்கும் சார்மினார். எனக்கு செகந்திராபாத் பத்மாராவ் நகரில் ஒரு வராந்தா. மழை விட்ட சாயங்காலம், ஈர மண் வாசனையோடு தெருமுனை இரானி ஹோட்டல் டீயின் மணமும் கலந்து வரும். ஸ்கந்தகிரி முருகன் கோயில் மணி கேட்கும் நேரத்துக்குத் தாத்தா உஸ்மானியா பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டிருப்பார். ரயில்வே கணக்குப் பிரிவில் தேய்ந்த விரல்கள் அவருக்கு. பென்சில் இல்லாதபோதும் கட்டைவிரல் எதையோ கூட்டிக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் பள்ளி நூலகத்துக் கின்னஸ் புத்தகத்திலிருந்து, மணி அடிப்பதற்குள் அவசரமாக ஒரு கணக்கை எழுதிக்கொண்டு ஓடிவந்தேன். 1980 ஜூன் 18 அன்று லண்டன் இம்பீரியல் கல்லூரியில் சகுந்தலா தேவி மனக்கணக்காகவே 28 நொடியில் பெருக்கியது: 7,686,369,774,870 × 2,465,099,745,779.

"நம்ம மேதக்ல இந்திரா காந்தியை எதிர்த்து நின்னாளே, அந்தம்மாவா?" என்றபடி தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பழைய காலண்டர் தாளின் முதுகில் விடையை எழுதினேன். எனக்கு அது பூரான் மாதிரி நீண்டுகொண்டே போனது.

"ஒம்பதைத் தள்ளிப் பாருடா கண்ணா." இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் முதல் எண் 6, அடுத்தது 2, பெருக்கினால் 12, அதாவது 3. விடையின் கூட்டுத்தொகை 138, அதுவும் 3. நான் குதித்தேன்.

தாத்தா குதிக்கவில்லை. "இலக்கம் இடம் மாறியிருந்தா ஒம்பது காட்டிக்கொடுக்காது. பதினொண்ணுகிட்டக் கேளு." வலது கோடியிலிருந்து ஒன்றைக் கூட்டி அடுத்ததைக் கழித்துக்கொண்டே போக வேண்டும். இரண்டாவது எண் சரியாகப் பூஜ்யத்தில் வந்து நின்றது. அது பதினொன்றால் வகுபடும் எண். அப்படியானால் விடையும் வகுபட வேண்டுமே? என் தாளில் 8 வந்தது.

மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் எட்டு. "அந்தம்மா தப்பு பண்ணிட்டாங்களா தாத்தா?" என்று கேட்கும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் பென்சில் முனையை ஓரிடத்தில் வைத்தார். "462, 462னு ரெண்டு தடவை எழுதியிருக்கியே, எனக்கு இங்கதான் சந்தேகம்."

மறுநாள் நூலகம் திறக்குமுன்னே வாசலில் நின்றேன். 18,947,668,177,995,426,462,773,730. நான் 426ஐத்தான் 462 ஆக்கியிருந்தேன். சாயங்காலம் தாத்தா ரப்பரை நீட்டினார். அழித்து, திருத்தி, மறுபடியும் வலது கோடியிலிருந்து கூட்டிக் கழித்தேன். இருபத்தாறாவது இலக்கம் அந்த 1. அதைக் கழித்ததும் பூஜ்யம் வந்தது. தாத்தா தன் சாஸரிலிருந்து ஒரு பிஸ்கட்டை என் பக்கம் நகர்த்தினார்.