நாடுகடத்த வேண்டிய சொற்கள்

சிம்பாங் ரெங்கம் என்னும் ஊர்ப்பெயரில் முதலில் நிற்கும் 'சிம்பாங்' ஒரு மலாய்ச் சொல். சாலைகள் கூடும் சந்தி என்பது அதன் பொருள். ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் மாவட்டத்தில், செம்பனையும் அன்னாசியும் சூழ அமைந்த எங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. இங்கே சாலைகள் மட்டும் சந்திப்பதில்லை; மொழிகளும் சந்திக்கின்றன. மாலையில் கடைத்தெருவில் சற்று நேரம் நின்றால் போதும். "வா லா, பாசாருக்குப் போயிட்டு வருவோம்" என்று ஒருவர் அழைப்பார். "மீ கோரிங் ரெண்டு தப்பாவ் பண்ணிடு" என்று இன்னொருவர் சொல்வார். பார்த்து வந்த படம் எப்படி என்று வினவினால், "செம மாஸ், வேற லெவல்" என்று ஓர் இளைஞன் விடை கூறுவான்.

தமிழாசிரியனாகிய எனக்கு இச்சொற்கள் சோற்றில் கடிபடும் கற்களாகவே தோன்றின. பிறர் பேச்சில் கல் பொறுக்குவதே என் தொழில் என்று நான் எண்ணியிருந்த காலம் அது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் லேக் சுப்பீரியர் என்னும் ஓர் உயர்கல்விக் கூடம் உண்டு. இன்று அது பல்கலைக்கழகமாக விளங்குகிறது. 1976 முதல் புத்தாண்டுதோறும், நாடுகடத்த வேண்டிய சொற்கள் என ஒரு பட்டியலை அது வெளியிட்டு வருகிறது. கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன சொற்களையும், பொருளறியாமல் வழங்கும் தொடர்களையும் மக்களே எழுதி அனுப்புவர். அவற்றுள் சிலவற்றைத் தேர்ந்து அறிவிப்பர். பாதி விளையாட்டு, பாதி வினை. இச்செய்தியைப் படித்த நாளே, நம் வகுப்பிலும் இப்படி ஒரு பட்டியல் தொங்கினால் என்ன என்ற ஆசை எனக்குப் பிறந்தது.

பெரிய தாள் ஒன்றில் இரண்டு வரிசைகள் எழுதினேன். முதல் வரிசையில் செம, கெத்து, மாஸ், வேற லெவல் முதலிய திரைப்படச் சொற்கள். இரண்டாம் வரிசையில் லா, பாசார், சடக்கு, கித்தா, மங்கு, பெரட்டு எனக் கடைத்தெருவிலும் தோட்டத்திலும் வழங்கும் சொற்கள். 'இவற்றுக்கு இவ்வகுப்பில் இடமில்லை' என்று கீழே சிவப்பு மையால் எழுதிச் சுவரில் மாட்டினேன். மாணவர்கள் சிரித்துக்கொண்டே படித்தார்கள். நானும் மகிழ்ந்தேன்.

1988-இல் தொடங்கி 2021-இல் கைவிடப்பட்ட யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நடைமுறையில் இருந்த காலம் அது. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் 'என் பாட்டி' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தேன். தோட்டத்து லயத்திலிருந்து ஊருக்குக் குடிவந்த குடும்பத்துப் பையன் ஒருவன் வகுப்பில் இருந்தான். வாய் திறந்து பேசுவதே அரிது. அவன் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான்.

அவனுடைய பாட்டி இருள் பிரியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போவார். கித்தா வெட்டுவார். மங்கில் ஊறிய பாலை வாளிகளில் சேர்த்து, காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்து சடக்குவரை கொண்டுவருவார். இவ்வளவும் அவன் எழுதியிருந்தான். அதன்பின் ஒரு வாக்கியம் இருந்தது: 'பாட்டியின் தோளில் காண்டாக் கம்பு அழுத்திய இடம் கறுப்பாகக் கெட்டியாக இருக்கும், நான் அதைத் தொட்டுக்கொண்டுதான் தூங்குவேன்.'

என் சிவப்புப் பேனா ஓய்வின்றி உழைத்தது. சடக்கைச் 'சாலை' ஆக்கினேன். மங்கைக் 'கிண்ணம்' ஆக்கினேன். பெரட்டை 'வேலை' ஆக்கினேன். கித்தாவை அடித்துவிட்டு 'இரப்பர்' என்று எழுதினேன். ஓர் ஆங்கிலச் சொல்லின் முன்னே இகரத்தை நிறுத்திவிட்டால் அது தமிழாகிவிடும் என்ற துணிவு எனக்கு எப்படி வந்ததோ அறியேன்! காண்டாவுக்குத்தான் மாற்றுச்சொல் உடனே அகப்படவில்லை. 'காவடி' என்று எழுதலாம். இருபுறமும் சுமை தொங்கத் தோளில் தாங்கும் தண்டுக்கு அதுவே பழைய பெயர். ஆனால், படிப்பவருக்கு முருகன் கோயில் நினைவுக்கு வந்துவிடுமே! ஆகவே அந்த வாக்கியத்தையே நீக்கிவிட்டேன். ஓரத்தில், 'உவமைத்தொடர், மரபுத்தொடர் சேர்த்துத் திருத்தி எழுதுக' என்று குறித்தேன்.

பையன் திருத்தி எழுதினான். இம்முறை கட்டுரை இப்படித் தொடங்கியது: 'ஆதவன் தன் பொற்கதிர்களைப் பாரெங்கும் பரப்பினான். அன்பே உருவான என் பாட்டி துயில் எழுந்தார்.' மெழுகுவர்த்தி போல் பாட்டி தம்மை உருக்கிக்கொண்டு குடும்பத்துக்கு ஒளி தந்தார். கண்ணை இமை காப்பது போல் பேரனைக் காத்தார். அவர் கூறிய அறிவுரைகள் பசுமரத்தாணி போல் பதிந்தன. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினேன்; மிகச் சிறந்த கட்டுரை என்று பாராட்டி, மற்றவர்களும் அதைப் பார்த்தெழுதிக்கொள்ளச் சொன்னேன். ஆதவன் எழுவதற்கு முன்பே எழுந்து வேலைக்குப் போன பாட்டியை, ஆதவனுக்குப் பின்னால் எழ வைத்துவிட்டோமே என்ற எண்ணம் எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அவனுக்குத் தோன்றியிருக்கலாம். அவன்தான் பேசாத பையனாயிற்றே!

சில திங்கள் கழித்து அந்தப் பாட்டி காலமானார். துக்கம் விசாரிக்கச் சென்றேன். பையனின் தந்தையாரைக் கண்டதும் கைகளைப் பற்றிக்கொண்டு, "ஈடுசெய்ய இயலாத இழப்பு" என்றேன். அதற்குமேல் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. அந்தப் பெண்மணியை நான் அறியேன். அறியக் கிடைத்த ஒரே வாய்ப்பையும் நானே சிவப்பு மையால் அடித்திருந்தேன்.

அவர் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு என்னை அமரச் செய்தார். "ஐயா, தம்பி பள்ளிக்கூடத்துல அம்மாவப் பத்திக் கட்டுரை எழுதி உங்ககிட்டப் பேரு வாங்கினான்ல, அத அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினான். முழுசும் கேட்டாங்க. கேட்டுட்டு, 'நல்லா இருக்குப்பா, இது எந்தப் பாட்டி?'ன்னு கேட்டாங்க ஐயா" என்றார். அவர் என்னைக் குறைகூறவில்லை. தாயின் வெள்ளை மனத்தை நினைத்து, கண்ணீருக்கிடையே சிரித்தபடிதான் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை பையனை அழைத்து, முதலில் எழுதிய கட்டுரை இருக்கிறதா என்று கேட்டேன். "கிழிச்சிட்டேன் ஐயா, நீங்கதான் திருத்தி எழுதச் சொன்னீங்க" என்றான். அந்த ஒன்றரைப் பக்கத்தில் இன்று எஞ்சியிருப்பது, என் நினைவில் தங்கிய அந்தத் தோளைப் பற்றிய ஒரு வாக்கியம் மட்டுமே. அன்று மாலையே சுவரிலிருந்த தாளைக் கழற்றினேன்.

நான் செய்தது இலக்கணத்தின் பெயரால் செய்த வேலை. ஆகவே இலக்கணத்திடமே நியாயம் கேட்டேன். ஏறத்தாழ 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தென வகுத்தார். வழூஉச்சொல் சேர்த்தல் அவற்றுள் ஒன்று. நான் வாழ்நாளெல்லாம் பிடித்துத் தொங்கியது அந்த ஒன்றைத்தான். மிகைபடக் கூறலும், கூறியது கூறலும், பொருளாழமின்றி வெற்றெனத் தொடுத்தலும், சொற்கள் நின்றும் பயனின்றிப் போதலும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. அவற்றை நான் குற்றமாகக் காணவில்லை. மதிப்பெண் கொடுத்து வளர்த்தேன்.

அது மட்டுமன்று. தமிழில் வழங்கும் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தவர் தொல்காப்பியர். பிறமொழி வழங்கும் நாடுகளிலிருந்து வரும் சொற்களையும் திசைச்சொல்லுள் அடக்கினார் பவணந்தி. அந்நாடுகள் எவை என எண்ணிச் சொல்லும் பழைய செய்யுள் ஒன்றை நன்னூல் உரையில் காணலாம். சிங்களம், சீனம் முதலியவற்றோடு சாவகமும் கடாரமும் அதில் எண்ணப்படுகின்றன. கடாரம் என்பது நம் நாட்டுக் கெடா என்பதே அறிஞர் பலரின் கருத்து. நாம் கப்பலேறி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, இம்மண்ணின் சொல்லுக்குத் தமிழிலக்கணம் வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. அவ்வாயிலில் காவலனாய் நின்று கதவைச் சாத்தியவன் நான்.

கித்தா என்ற சொல் எப்படி வந்தது? 1877-இல் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து 22 இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றின் வழித்தோன்றல்களே பின்னர் மலாயா முழுவதும் காடாகப் பரவின. அம்மரத்துக்கு நம் நிகண்டுகளில் பெயரில்லை. கடல்கடந்து வந்த நம் முன்னோர், மரப்பாலைக் குறிக்கும் 'கெத்தா' என்னும் மலாய்ச் சொல்லைக் காதால் வாங்கிக் 'கித்தா' எனத் தம் நாவுக்கேற்ப வளைத்துக்கொண்டனர். கிண்ணத்தைக் குறிக்கும் 'மங்கோக்' அவர்கள் வாயில் 'மங்கு' ஆயிற்று. இவ்வாறு ஒரு குழுவினர் தம் தொழிலுக்கெனப் புனைந்து வழங்கும் சொற்களை எண்ணிப் பார்க்கையில், இலக்கணம் கூறும் குழூஉக்குறிதான் நினைவுக்கு வருகிறது. கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. நம்முடைய கடையும் கப்பலும் பெட்டியும் கட்டிலும் மீசையும் மலாய்மொழியில் குடியேறி, அம்மண்ணின் பிள்ளைகளாகவே வாழ்கின்றன. அவற்றை நாடுகடத்த வேண்டும் என்று எந்த மலாய் ஆசிரியரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இதனால், எப்படியும் எழுதலாம் என்று நான் வாதிடவில்லை. சிம்பாங் ரெங்கத்துப் பிள்ளை எழுதியதை மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ளவர் படித்துணரப் பொதுவான எழுத்துநடை வேண்டும். அதைக் கற்பிப்பது நம் கடமை. 'செம' என்ற சொல்லும் எனக்கு இனித்துவிடவில்லை. சாப்பாடும் செம, படமும் செம, மழையும் செம என்றால், உண்டதும் கண்டதும் நனைந்ததும் ஒன்றாகிவிடுகின்றன. ஆனால், அச்சொல்லின் குற்றம் அது தெருவில் பிறந்தது அன்று. எதற்கும் பொருந்துவதால் எதையும் சொல்லாமல் விடுவதே அதன் குற்றம். அந்தக் குற்றம் மேடையில் பிறந்த சொல்லுக்கும் உண்டு.

நம் விழா மேடைகளை எண்ணிப் பாருங்கள். 'நேரத்தின் அருமை கருதி இரண்டொரு வார்த்தைகள் பேசி அமர்கிறேன்' என்பவர் அரைமணி நேரம் அமர்வதில்லை. 'என்றால் அது மிகையாகாது' என்று முடியும் வாக்கியம் பெரும்பாலும் மிகையாகவே இருக்கிறது. யாருடைய பணி ஓய்வு விழாவிலும் அவர் மெழுகுவர்த்தி. யாருடைய இரங்கல் கூட்டத்திலும் ஈடுசெய்ய இயலாத இழப்பு. இளைஞர்களின் சொற்கள் தாமாகவே உதிர்ந்துவிடும். ஒரு காலத்தில் எல்லார் வாயிலும் புழங்கிய 'பேஷ்', 'ஜோர்' என்பனவற்றை இப்போது பழைய திரைப்படங்களில்தான் மிகுதியும் கேட்கிறோம். 'வேற லெவல்' என்பதும் அவ்வழியே போகும். மேடைத்தொடர்களோ உதிர்வதில்லை. அவற்றை நாம் பாடமாக்கி, மதிப்பெண் ஊட்டி, அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிடுகிறோம்.

அந்த ஆண்டுக்குப் பின் பணியிலிருந்து ஓய்வு பெறும்வரை, மாணவர் கட்டுரைகளில் எழுத்துப்பிழையையும் சந்திப்பிழையையும் முன்போலவே திருத்தினேன். தோட்டத்துச் சொல் வந்தால் அடிக்காமல், அதன் பொருளை அடுத்த வரியில் விளக்கி எழுதச் சொன்னேன். ஆதவன் பொற்கதிர்களைப் பரப்பும் இடங்களில் மட்டும், ஓரத்தில் இரண்டே சொற்கள் எழுதினேன்: 'எந்தப் பாட்டி?' மாணவர்களுக்கு முதலில் விளங்காது. தலைப்பு 'எங்கள் ஊர்ச் சந்தை' என்றிருக்கையில் பாட்டி எங்கிருந்து வந்தாள் என்று விழிப்பார்கள். கதையைச் சொல்வேன். அதன்பின் அவர்களே தம் வாக்கியங்களை அந்தக் கேள்வியால் தட்டிப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். இன்னொருவர் பாட்டிக்கும் அப்படியே பொருந்துமானால், அவ்வாக்கியம் நம் பாட்டியைப் பற்றியதன்று.

இப்போது எங்கள் ஊர்ப்புறத்தில் கித்தா மரங்கள் நின்ற நிலங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. காண்டாக் கம்பு சுமந்த தோள்கள் ஒவ்வொன்றாய் மறைந்து வருகின்றன. அண்மையில் பள்ளிச் சிறுவன் ஒருவனிடம் மங்கு என்றால் என்ன என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. அன்று என் பட்டியலின் இரண்டாம் வரிசையில் நான் எழுதிய சொற்கள், யாரும் நாடுகடத்தாமலே போய்க்கொண்டிருக்கின்றன. முதல் வரிசைக்கும் இரண்டாம் வரிசைக்கும் பக்கத்தில் நான் எழுதியிருக்க வேண்டிய மூன்றாம் வரிசை மட்டும், இன்றும் நம் கட்டுரை ஏடுகளில் நலமாக இருக்கிறது.