எட்டாவது மதில்

திருவரங்கத்துக்கு ஏழு மதில்கள் என்பர். எட்டாவது மதில் ஒன்று உண்டு. அது அமெரிக்காவில் இருக்கிறது! உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் முதியோர் இருவர் மட்டுமே வாழும் இல்லங்கள் பல. மாலையில் திண்ணையருகே நின்று பேசினால், அந்த எட்டாவது வாயில் திறந்திருக்குமா, அடைபடுமா என்பதே அவர்தம் கவலை.

காலத்தின் கோலத்தைப் பாருங்கள்! கணித மேதை இராமானுசன் கேம்பிரிட்சு செல்லத் தயங்கியபோது குறுக்கே நின்றது கடலன்று. கடல் கடந்தால் குலம் கெடும் எனும் கட்டுப்பாடு. 1914-இல் அதை மீறித்தான் அவர் கப்பலேறினார். இன்றோ கடல் கடக்காத மாப்பிள்ளைக்குத்தான் மதிப்புக் குறைவு. டாலரைக் கண்ட சாத்திரம் தானே வழிவிட்டு ஒதுங்கிற்று.

எச்-1பி என்பது 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த நுழைவிசைவு. ஆண்டுக்கு 65,000 பேர், அந்நாட்டிலேயே முதுகலை கற்றோர் மேலும் 20,000 பேர் என வரம்பு. விண்ணப்பம் மிகுந்தால் குலுக்கல். குடவோலை கண்ட தமிழருக்கு இது புதிதன்று! ஆனால் 2025 செப்டம்பர் 19 அன்று குடியரசுத் தலைவர் டிரம்ப் பிறப்பித்த ஆணை, வெளிநாட்டிலிருந்து புதிதாக அழைக்கப்படும் ஒருவருக்கு முதலாளி 1,00,000 டாலர் கட்டவேண்டும் என்றது. பன்னிரு திங்களுக்கென்று அறிவிப்பு. அடுத்துக் குலுக்கலும் மாறிற்று. ஒரு தொழிலுக்கு அவ்வட்டாரத்தில் வழங்கும் ஊதியத்தை நான்கு படிகளாக்கி, நான்காம் படியினர் பெயரை நான்கு முறை குடத்திலிடுவர். முதற்படியில் நிற்கும் இளைஞன் பெயர் ஒரே முறை. 2026 பிப்ரவரி 27 முதல் இதுவே விதி.

தம் வீட்டுக் கதவை எப்படிச் சாத்துவது என்பது அவரவர் உரிமை, நாம் மறுக்கவில்லை. எனினும், இருபத்திரண்டு வயதினனுக்கு நாற்பது வயதினனின் ஊதியத்தை எவர் தருவார்? கடன் வாங்கிப் படித்துவிட்டு ஒற்றைச் சீட்டோடு நிற்கிறானே, அவன் நிலை என்ன?

அந்தக் கதவு நமக்கு எப்படித் திறந்தது என்பதை இங்கு எவரும் பேசுவதில்லை. பகத்சிங் திண்டு என்பார், தாம் உயர்சாதி இந்து, ஆரியர், ஆகவே வெள்ளையரே என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை வழக்காடினார். சாதிச் சான்று அங்கே செல்லவில்லை. 1923-இல் குடியுரிமை இல்லை எனத் தீர்ப்பாயிற்று! 1946 சட்டம் ஆண்டுக்கு 100 இந்தியர் என்று இரக்கம் காட்டிற்று. பிறந்த நாட்டை வைத்து அளக்கும் பங்கீட்டை ஒழித்தது 1965-ஆம் ஆண்டுச் சட்டம். கறுப்பின மக்களின் உரிமைப் போர் அந்நாட்டை உலுக்கிய காலம் அது. நம்மவரோ ஐதராபாத்தை அடுத்த சில்கூர் கோயிலை விசா வேண்டி 11 முறையும், கிடைத்தபின் 108 முறையும் சுற்றுகின்றனர். ஒரு இலட்சம் டாலருக்கு எத்தனை சுற்றோ, நாமறியோம்.

இவற்றையெல்லாம் நம் பள்ளியின் பத்தாம் வகுப்பில் ஒருநாள் விளக்கினோம். கடைசிப் பலகையிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"சார், எங்கப்பாவுக்கு எத்தனை சீட்டு போடுவாங்க?"

அவன் தந்தை சவூதியில் கொத்தனார். திருச்சி வானூர்தி நிலையத்தில் நாள்தோறும் பெட்டியைக் கயிற்றால் கட்டிச் செல்வோருள் அவரும் ஒருவர். செங்கல்லை நூல்பிடித்து நிறுத்தும் கை, திறமையற்ற கையாம்! இலங்கைத் தேயிலைக் காட்டுக்கும் மலேயா இரப்பர்த் தோட்டத்துக்கும் கங்காணி அழைத்துச் சென்ற நம் முன்னோரையும் அவ்வாறே எழுதினர். அவர்களுக்காக எந்த வீதி கவலைப்பட்டது?

எத்தனை சீட்டு என்று அவனுக்கு நாம் விடை கூறவில்லை. கூறியது வேறு. பத்தாம் வகுப்புத் தேறாதவர் என்பதால் அவன் தந்தையின் கடவுச்சீட்டு, வளைகுடாவுக்கு வேலைக்குச் செல்லுமுன் அரசின் தனி ஒப்புதல் வேண்டும் வகையினது. 1983-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. தேறியவருக்கு அது வேண்டுவதில்லை. பையன் வியப்போடு கேட்டுக்கொண்டான்.

அவனுக்குக் கணக்கு இன்னும் வரவில்லை. மணியடித்த பிறகு ஒரு மணி நேரம் இருத்தி வைக்கிறோம். இப்போது இயற்கணிதம் நடக்கிறது.