எப்பொழுது புறப்படுவது?

அமெரிக்காவில் வாழும் என் அத்தை, தம் தம்பியாகிய என் தந்தையாருக்கென மனுச் செய்தபோது யான் நடைபயிலுங் குழந்தை. உடன்பிறந்தார்க்குரிய வரிசை ஆமையென ஊர்ந்து, சென்ற அக்டோபரிலேதான் எங்கட்குக் குடியேற்ற விசா கிட்டிற்று. 21 வயது நிரம்பாமையால் யானும் அதிலடங்கினேன்.

அவ்விசா பெரும்பாலும் 6 மாதமே செல்லும். மருத்துவப் பரிசோதனை முன்னரே காலாவதியாயின் இன்னுங் குறையும். எங்கட்கு மார்ச்சு மாதம் எல்லை. ஆனர்ஸ் இறுதித் தேர்வோ ஏப்ரலில்! ஒருமுறை சென்று மீளலாம். ஆயினும், வெளியே ஓராண்டு கழியின் நிரந்தரவாச அட்டையை மட்டுங் காட்டி மறுபடி புக இயலாது. அதற்குள்ளே சென்றாலும், ‘நீ மெய்யாக எங்கு வாழ்கின்றாய்?’ என அதிகாரி வினவக்கூடும். இரட்டைக் கட்டணம் வேறு.

“போறதுன்னா ஒரு தரமாப் போயிரு, ரெண்டு தரம் அழ என்னால ஆகாது” என்றார், தாயைப் பெற்ற ஆச்சி. சட்டங்கள் அனைத்தினும் அச்சொல்லே எனக்குக் கடினமாயிருந்தது.

எனினும் பட்டத்தைக் கைவிட மனம் ஒப்பவில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்தபின் பெற்றோருடன் செல்லவும், அவர்கள் அங்கே தங்க, யான் மட்டும் ஜனவரியில் மீளவும் துணிந்தேன். பெட்டி கட்டுகையில் ஆச்சி அருகே வந்து, உள்ளிருந்த தொல்காப்பியத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இது இங்கனயே கெடக்கட்டும்” என்றார்.