பொம்மையைப் பிடிக்கும் கை

சிறிய பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டும் தொழிலைப் பற்றிக் கதைக்கும்போது, தூரிகை பிடிக்கும் கையைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். பொம்மையைப் பிடித்திருக்கும் மற்றக் கையைப் பற்றி எவரும் கேட்பதில்லை. ஆனால் பாதி வேலை அந்தக் கையில்தான் இருக்கிறது.

மன்னார்ப் பக்கத்துக் கிராமமொன்றில், யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பெண்கள் சிலர் நத்தார் காலத்துக்கான பாலன்குடில் உருவங்களைப் பரிஸ் சாந்தில் வார்த்து வர்ணம் தீட்டி விற்கிறார்கள். சமூகப் பணியாளராக அக்குழுவுடன் நான் வேலை செய்து வருகிறேன். பாலன்குடிலின் வரலாற்றிலும் எமக்கொரு செய்தி உண்டு. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தேவாலயங்கள் மூடப்பட்டபோது, தென் பிரான்சின் புரொவன்ஸ் பகுதி மக்கள் சின்னஞ்சிறு உருவங்களைச் செய்து தங்கள் வீடுகளிலேயே குடில் அமைத்தார்கள். மார்செய் நகரில் இந்த உருவங்களுக்கென்றே 1803 முதல் சந்தை கூடி வருகிறது. நெருக்கடிக் காலத்தில் வீட்டுக்குள் தொடங்கிய ஒரு கைவேலை, பின்னர் பலருக்குச் சோறு போட்டது.

எமது குழுவில் பொம்மைக் கணக்கில்தான் கூலி. வர்ணம் தீட்டுபவருக்குக் கூட, பொதி கட்டுபவருக்குக் குறைய. 2009இல் செல் விழுந்து இடது கையை மணிக்கட்டுடன் இழந்த ஒரு சகோதரி இங்கு வந்து சேர்ந்தபோது, மற்றவர்கள் அவரைப் பொதி கட்டும் பக்கத்தில் இருத்தினார்கள். அவர்களிடம் கெட்ட எண்ணம் இருக்கவில்லை, இரக்கம்தான். ஆனால் அந்த இரக்கத்தால் அவருடைய இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு நிறையவில்லை.

"தீட்டுறது எனக்கு வரும் மிஸ். பிடிக்கிறதுதான் கஷ்டம்" என்றார் அவர்.

அதன் பிறகுதான் பிடிப்பதைப் பற்றி எல்லோரும் சேர்ந்து யோசித்தோம். பார்த்தால், இரண்டு கையும் உள்ளவர்களுக்கும் அதுவே கஷ்டமாக இருந்தது. மூன்று அங்குல உருவத்தை விரலால் பிடித்தால் ஈர வர்ணம் விரலில் ஒட்டுகிறது. விரலின் வியர்வையும் எண்ணெய்த்தன்மையும் பட்ட இடத்தில் அடுத்த பூச்சுச் சரியாகப் பிடிப்பதில்லை. நெடுநேரம் இறுக்கிப் பிடிப்பதால் விரல்கள் விறைத்துப் போகின்றன.

ஆகவே பொம்மையைத் தொடாமல் அதன் பிடியைத் தொடும் வழிகளைப் பழகினோம். நின்ற உருவங்களின் அடிப்பாகத்தில் இருபக்கமும் ஒட்டும் ரேப்பை ஒட்டி, வெறும் நூல்கட்டையின் மேலோ சிறிய மருந்துப் போத்தலின் மூடியின் மேலோ நிறுத்தினோம். ரேப் இல்லாத நாளில் உருக்கிய மெழுகுதிரித் துளி உதவும். ஆனால் மெழுகு பட்ட இடத்தில் வர்ணம் ஒட்டாது என்பதால், அடிப்பாகத்துக்கு அப்பால் அது படக்கூடாது. போத்தலுக்குள் மணல் நிரப்பினால் கையில் நிதானமாக இருக்கும். ஆட்டுக்குட்டி போன்ற சின்ன உருவங்களுக்கு, சாந்து இறுகுமுன் ஈர்க்கின் தடித்த துண்டொன்றைக் கீழே செருகிவிடலாம். தீட்டியதும் அந்த ஈர்க்கை ஒரு வாழைக்குற்றியில் குத்தி விட்டால், ஒன்றோடொன்று முட்டாமல் காயும். பிறகு ஈர்க்கை நறுக்கிவிட வேண்டியதுதான்.

அந்தச் சகோதரிக்கு ஒரு பால்மாப் பேணி நிறைய மணலை இறுக்கி, நடுவில் நூல்கட்டையை ஊன்றிக் கொடுத்தோம். பேணி வழுக்காதிருக்க அடியில் ஈரத்துணி. கண்மட்டத்துக்கு உயர்த்த இரண்டு செங்கல். தீட்டும் கை ஆடாதிருக்க, பக்கத்தில் இன்னும் இரண்டு செங்கல் வைத்து மேலே ஒரு பலகைத் துண்டு. பெயர்ப்பலகை எழுதுபவர்கள் கையைத் தடியொன்றின் மேல் தாங்கிக்கொண்டு எழுதுவதைக் கண்டிருப்பீர்கள், அதே முறைதான். பேணியைத் திருப்ப அவருடைய இடது முழங்கையின் கீழ்ப்பகுதியே போதுமாக இருந்தது. கண்ணும் புருவமும் தீட்டும்போது மூச்சை மெல்ல வெளியே விட்டபடி தீட்டுவார்.

இரண்டு கிழமைக்குள் மற்றப் பெண்களும் தங்களுக்குப் பேணி கேட்டார்கள். குனிந்திருந்து கழுத்து நோவது குறைந்தது என்றார்கள். ஒருவருக்காகச் செய்த வசதி எல்லோருக்கும் பொதுவாகிப் போனது. அவரோ இப்போது வர்ணம் தீட்டுபவரின் முழுக் கூலியைப் பெறுகிறார். புதிதாக வரும் தங்கச்சிமாருக்கு முகம் தீட்டக் கற்றுக் கொடுப்பவரும் அவர்தான்.

சமூகவியல் படித்த காலத்தில், ஊனம் என்பது உடலில் மட்டுமல்ல, சூழலிலும் இருக்கிறது என்று படித்தேன். அதை மணல் நிரப்பிய பேணியில்தான் கண்ணால் கண்டேன். சகோதரிகளே, உங்கள் குழுவிலும் குறைந்த கூலி வேலையில் ஒதுக்கப்பட்ட ஒருவர் இருக்கக்கூடும். "அவவாலை ஏலாது" என்று தீர்மானிக்குமுன், எந்த இடத்தில் ஏலாமல் இருக்கிறது என்று அவவிடமே கேளுங்கள். அதற்கு வேண்டிய பொருள் பெரும்பாலும் உங்கள் குசினியிலேயே கிடக்கும்.