பாட்டிலை ஆட்டிப் பாருங்கள்!

ஒரு சின்னப் பரீட்சை. நீங்கள் படித்த ஆரம்பப் பள்ளிக்கூடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மணிக்குப் பதிலாகத் தொங்கிய தண்டவாளத் துண்டு ஞாபகம் வரும். வேப்பமரம் வரும். வாசலில் இலந்தைப்பழமும் மாங்காய்க் கீற்றும் விற்ற பாட்டி வருவார். வாத்தியார் பிரம்பை எந்த அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தார் என்பதுகூட வரும். இப்போது சொல்லுங்கள்... கை கழுவுகிற இடம் எங்கே இருந்தது?

வரவில்லையா? எனக்கும் வரவில்லை. ரொம்ப நேரம் யோசித்த பிறகுதான் உறைத்தது. மறதி இல்லை, அப்படி ஓர் இடமே எங்கள் பள்ளிக்கூடத்தில் கிடையாது!

விருதுநகர் பக்கம் ஒரு கரிசல்காட்டு கிராமம். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது நான் மூன்றாம் வகுப்பு. பன்னிரண்டரை மணிக்கு சாம்பார் வாசனை வந்துவிட்டால் வாய்ப்பாடு மறந்துபோகும். மணி அடித்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓட்டம். ஒரு கையில் சிலேட்டுக் குச்சித் தூள், இன்னொரு கையில் கோலி விளையாடிய மண். தெருக்கோடியில் ஒரே ஒரு அடிபம்பு. அங்கே எந்நேரமும் குடங்கள் வரிசையாக நிற்கும். நாங்கள் போய்க் கையை நீட்டினால், ''குடிக்கவே தண்ணியக் காணோம், தொரைக்குக் கை கழுவத் தண்ணியா?'' என்று விரட்டுவார்கள். டவுசரில் இரண்டு தேய்ப்பு. முடிந்தது. சுடுசோற்றில் கை.

ஆனால், பாடத்தில் நாங்கள் புலிகள். 'எப்போதெல்லாம் கை கழுவ வேண்டும்?' இரண்டு மார்க் கேள்வி. 'சாப்பிடும் முன்பும், மலம் கழித்த பின்பும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.' எழுத்துப்பிழை இல்லாமல் எழுதி இரண்டுக்கு இரண்டு வாங்கியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே சோப்பு, வாத்தியாரின் பைக்குள் ரோஸ் கலர் டப்பாவில் இருந்தது. மத்தியானம் அவர் அதைத் திறக்கும்போது மூன்று பெஞ்சு தூரத்துக்கு மணக்கும். நாங்கள் மோந்து பார்த்ததோடு சரி.

அந்த வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். காலையில் வந்தால் சாயங்காலம் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டாள். மண்பானைப் பக்கமே போக மாட்டாள். வெயில் கொளுத்தும். உதடு வெடித்திருக்கும். நாக்கால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு 'ஒட்டகம்' என்று பட்டப்பெயர் வைத்தோம். 'வைத்தோம்' என்று பன்மையில் ஒளிந்துகொள்ள வேண்டாம்... வைத்தது நான்தான். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பில் ஒரு வாரம் ராஜா மாதிரி திரிந்தேன்.

பையன்களுக்கு ஓடைப் பக்கம் கருவேலங்காடு இருந்தது. பெண் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வாத்தியாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. அஞ்சாவதோடு அவள் படிப்பை நிறுத்திவிட்டாள். அதற்கு இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் ஆயிரம் காரணம் இருந்திருக்கும். ஆனால், அந்த ஐந்து வருஷமும் தாகத்தோடு படித்தாள் என்பது மட்டும் நிஜம்.

இது எனக்குப் புரிய இருபத்தைந்து வருஷமும் சொந்தமாக ஒரு மகளும் தேவைப்பட்டது.

சென்னையில் ஓரளவு பேர் பெற்ற தனியார் பள்ளி. பெயர் வேண்டாம். பீஸைக் கேட்டால் தலை சுற்றும். மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. திடீர் திடீரென்று காய்ச்சல் வரும், அடிவயிறு வலிக்கும் என்று அழுவாள். சிறுநீரில் கிருமித் தொற்று என்றார் டாக்டர். மருந்து கொடுத்தோம், சரியானது. மறுபடி வந்தது. மூன்றாவது முறை டாக்டர் என்னிடம் பேசவில்லை. அவளிடம் குனிந்து கேட்டார்: ''கண்ணு, ஸ்கூல்ல பாத்ரூம் போவியா?''

''மாட்டேன் டாக்டர்.''

''ஏம்மா?''

''நாறும். கதவுல தாழ்ப்பாள் இல்ல. அதனால நான் தண்ணியே குடிக்க மாட்டேன்.''

பெருமையாகச் சொன்னாள். ஏதோ ஒரு கஷ்டமான கணக்குக்குச் சுலபமான வழி கண்டுபிடித்த பெருமை. எனக்கு அந்தக் கரிசல்காட்டுப் பள்ளிக்கூடமும் ஓர் உலர்ந்த உதடும் ஞாபகம் வந்தன. ''ஏம்மா அப்பாகிட்ட சொல்லல?'' என்றேன்.

''நீங்க கேக்கவே இல்லியேப்பா!''

உண்மைதான். எத்தனை மார்க், என்ன ரேங்க், யார் ஃபர்ஸ்ட்... எல்லாம் கேட்டிருக்கிறேன். இதைக் கேட்டதில்லை.

சட்டம் கேட்டிருக்கிறது. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறையும் குடிநீரும் இருக்க வேண்டும் என்கிறது. 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே ஆறு மாதத்துக்குள் செய்து முடியுங்கள் என்று மாநிலங்களுக்குக் கெடு வைத்தது. அதன் பிறகு நிறையக் கட்டினார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால், கட்டுவது ஒரு நாள் வேலை. கழுவுவது தினசரி வேலை. அதை யார் செய்வது என்ற கேள்விக்கு சில இடங்களில் கிடைத்த பதில் நம்மைத் தலைகுனிய வைப்பது. 2022-ல் ஈரோடு மாவட்டத்தில், தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாக எழுந்த புகாரில் ஓர் ஆரம்பப் பள்ளித் தலைமை ஆசிரியை கைதானார். சுகாதாரம் என்ற பெயரில் பிள்ளைக்கு நாம் எதைக் கற்றுக்கொடுக்கிறோம் பாருங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2023-ல் காலை உணவுத் திட்டம் எல்லா அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கும் வந்தது. காலையில் உப்புமா, மத்தியானம் சாதம், முட்டை. அதாவது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே இரண்டு வேளை கையால் சாப்பிடுகிறார்கள். பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரோ, ''நம்ம ஸ்கூலுக்கு ஏதாவது செய்யணும்டா'' என்றார்கள். நான்தான் சோப்பு யோசனையைச் சொன்னேன். 200 சோப்பு வாங்கினோம். ஊருக்குப் போய் தலைமை ஆசிரியரிடம் கொடுத்தோம். போட்டோ எடுத்தோம். குழுவில் போட்டோம். கட்டைவிரல்களும் கும்பிடுகளும் குவிந்தன. அன்றைக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்தேன். தலைமை ஆசிரியர் பீரோவைத் திறந்து காட்டினார். சோப்புகள் செங்கல் மாதிரி அடுக்கி, அட்டை பிரிக்காமல் அப்படியே இருந்தன!

கோபம் வந்தது. ஆனால், அவர் சொன்னதையும் கேளுங்கள். ''வெளியில வச்சா மூணு நாள் தங்காது சார். பாதியைக் காக்கா தூக்கிட்டுப் போயிருது. மீதியைப் பிள்ளைங்க வீட்டுக்குக் கொண்டுபோயிருதுங்க. அஞ்சு வகுப்புக்கு நாங்க ரெண்டு பேரு. பாடம் நடத்தவா, சோப்புக்குக் காவல் இருக்கவா?''

காக்கா சோப்பு திருடும் என்பது கிராமத்தில் கிணற்றடி வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். அவர் பொய் சொல்லவில்லை. கழிப்பறையையும் காட்டினார். டைல்ஸ் எல்லாம் போட்டு அழகாக இருந்தது, பூட்டோடு. மோட்டார் ரிப்பேர், மேலே தண்ணீர் ஏறவில்லை. சாவி அவர் மேஜை டிராயரில்.

தமிழில் 'கை கழுவுவது' என்றால் இரண்டு அர்த்தம் இருக்கிறதல்லவா? அந்தப் பீரோ முன்னால் நின்றபோதுதான் எனக்கு இரண்டாவது அர்த்தம் சுருக்கென்று பட்டது. சோப்பு கொடுத்தோம், போட்டோ எடுத்தோம், கை கழுவிவிட்டோம். பிள்ளைகள்தான் கழுவவில்லை.

அதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். நாமெல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம் என்று நானும் கேட்டிருக்கிறேன். வளர்ந்தவர்கள் மட்டும்தானே அப்படிக் கேட்க முடியும்? குடற்புழுவின் முட்டை கண்ணுக்குத் தெரியாது. மண்ணிலிருந்து நக இடுக்குக்கு வந்து, அங்கிருந்து சோற்றோடு உள்ளே போய்விடும். அரசாங்கம் போடும் முட்டையின் சத்தில் புழுவும் பங்கு கேட்கும். 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று வைத்துப் பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். நல்ல காரியம். ஆனால், மாத்திரை இன்றைக்கு வயிற்றில் இருக்கிற புழுவைத்தான் வெளியேற்றும். நாளைக்கு வரப்போகும் புழுவைத் தடுப்பது கையும் சோப்பும் செருப்பும் கழிப்பறையும்தான்.

கராச்சியின் குடிசைப் பகுதிகளில் நடந்த ஓர் ஆய்வு 2005-ல் வெளியானது. சில வீடுகளுக்கு வாராவாரம் போய், சோப்பும் கொடுத்து, கை கழுவச் சொல்லியும் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நிமோனியா பாதியாகக் குறைந்தது. பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு வயிற்றுப்போக்கும் பாதிக்கு மேல் குறைந்தது. கிருமிநாசினி சேர்த்த விலை அதிகமான சோப்பு தேவையே இல்லை, சாதாரண சோப்பே அதே பலனைத் தந்தது.

'சொல்லிக்கொடுத்தால்தானே பழக்கம் வரும்?' என்பது உங்கள் அடுத்த கேள்வி. அதற்கும் ஒரு கதை உண்டு, பங்களாதேஷில். அங்கே இரண்டு கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில், கழிப்பறை போய் வந்த பிள்ளைகளில் சோப்பு போட்டுக் கை கழுவியவர்கள் 100-க்கு 4 பேர். ஆய்வாளர்கள் பாடம் எடுக்கவில்லை. கழிப்பறையிலிருந்து கை கழுவும் இடத்துக்கு ஒரு நடைபாதை போட்டார்கள். அதன் மேல் பளிச்சென்று பாதச் சுவடுகளை வரைந்தார்கள். கை கழுவும் இடத்தில் உள்ளங்கைகளை வரைந்தார்கள். அவ்வளவுதான். மறுநாளே 68 பேர். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் 74 பேர்! இதன் முடிவு 2016-ல் வெளியானது. கிருஷ்ண ஜெயந்திக்கு நம் வீட்டில் மாக்கோலத்தில் குட்டிப் பாதம் போடுகிறோமே, அதுபோலத்தான். பாதத்தைப் பார்த்தால் எந்தக் குழந்தைக்கும் அதன் மேல் கால் வைத்து நடக்கத் தோன்றும். நடந்தால் முடிகிற இடத்தில் தண்ணீரும் சோப்பும் இருக்க வேண்டும். அதுதான் விஷயம்.

எனக்கு இரண்டு மார்க் வாங்கித் தந்த பதில், பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது நமக்குத்தான். பழக்கம் புத்தியில் இல்லை, எட்டுகிற தூரத்தில் இருக்கிறது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் அதைச் செய்து காட்டியவர் ஆய்வாளர் இல்லை, சமையல் செய்யும் ஆயம்மா. பீரோ முன்னால் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, ''சோப்பப் பூட்டி வச்சு யாருக்கு சார் சீதனம் குடுக்கப் போறீக?'' என்றார். நாலு சோப்பை வாங்கிப்போய், அரிவாள்மனையில் துண்டு போட்டார். சமையற்கட்டில் கிடந்த வெங்காய வலைப்பையை வெட்டி, துண்டுகளை உள்ளே போட்டு முடிந்து, குழாய்த் திருகோடு சேர்த்துக் கட்டிவிட்டார். வலையோடு கசக்கினால் நுரை வருகிறது. துண்டு சோப்பை வீட்டுக்கு எடுத்துப்போக யாருக்கும் ஆசை வராது. காக்கா ஒரு நாள் வந்து கொத்திப் பார்த்துவிட்டு, இது நமக்குச் சரிப்படாது என்று போய்விட்டதாம்!

மோட்டார் ரிப்பேருக்கு நாங்கள் பணம் போட்டோம். இந்த முறை போட்டோ எடுக்கவில்லை. தாழ்ப்பாளும் மாட்டியாயிற்று. சாவி இப்போது டிராயரில் இல்லை, ஆணியில் தொங்குகிறது. ஆனாலும், இது இப்படியே நிற்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன். 2020-ல் நாடே இருபது விநாடி எண்ணிக் கை கழுவியது. 2021 நவம்பரில் பள்ளிக்கூடம் திறந்தபோது, காலால் மிதித்தால் தண்ணீர் வரும் டிரம்கள் எத்தனை வாசல்களில் நின்றன! உங்கள் தெருப் பள்ளியில் அது இப்போது எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். அதனால்தான் மாதம் ஒரு முறை ஆயம்மாவுக்கு போன் போடுகிறேன். ''தண்ணி வருதாம்மா?'' ''வருது சார்.'' ''சோப்பு?'' ''இருக்கு சார்.'' அரை நிமிஷப் பேச்சு. 200 சோப்பைவிட இந்த அரை நிமிஷம்தான் உருப்படியான காரியம் என்று இப்போது நினைக்கிறேன்.

'ஒட்டக'த்தைத் தேடவில்லையா என்று கேட்காதீர்கள். கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாளாம். பார்த்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும். என்னவென்று கேட்பது என்பதுதான் தெரியவில்லை.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடப் பள்ளிக்குப் போகும்போது, மிஸ்ஸைப் பார்ப்பதற்கு முன்னால் பிள்ளைகளின் கழிப்பறையைப் பாருங்கள். தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா, சோப்பு எட்டுகிற உயரத்தில் இருக்கிறதா? முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை, பீஸ் கட்டியவர் நீங்கள். அரசுப் பள்ளி என்றால், வரி கட்டியவரும் நீங்கள்தான்.

அதற்கெல்லாம் நேரமில்லையா? ஒன்றே ஒன்று செய்யுங்கள். என் மகள் தினமும் தண்ணீர் பாட்டிலை அப்படியே நிறைய நிறையத் திரும்பக் கொண்டுவருவாள். 'ஒரு சொட்டு சிந்த மாட்டா, அவ்வளவு பொறுப்பு!' என்று சொந்தக்காரர்களிடம் பெருமை அடித்திருக்கிறோம்.

இன்றைக்கு சாயங்காலம் உங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், பையிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்து ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள்.