அப்பாவின் வண்டிக்கு எந்த ஆயில்?

சென்னை

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த எஸ்டிமேட் சீட்டும் வந்து சேர்ந்தன. மூன்று வண்டிக்கும் ஆயில் மாற்ற 5,000 ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள், பேசாமல் அப்பாவின் ஸ்பிளெண்டரை வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். தள்ளிவிடாதே. சீட்டை வரிவரியாகப் பார்த்தேன். மூன்றுக்கும் ஒரே விலையுயர்ந்த ஃபுல் சிந்தெடிக் ஆயில் எழுதியிருக்கிறார்கள். ஸ்பிளெண்டருக்கு ‘ஆயில் ஃபில்டர்’ என்று தனியாக ஒரு தொகை. அப்பாவின் வண்டியில் கழற்றி மாற்றுகிற ஃபில்டரே கிடையாது. இல்லாத சாமானுக்குக் காசு கேட்கிற பட்டறையில் வண்டியை விடவேண்டாம், வேறு ஆளைப் பார்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் நேரே கடைக்குப் போய் எது மலிவு என்று கேட்கிறார்கள். எஞ்சினைத் தெரிந்துகொண்டு அப்புறம் கடைக்குப் போ என்பேன். ஸ்பிளெண்டர், பால்சர், புல்லட் என்று உன் மூன்று எஞ்சினும் ஆயிலைச் சுத்தம் செய்வதில் மூன்று விதம். அது புரிந்துவிட்டால் இந்தச் சீட்டில் எதை அடிக்க வேண்டும் என்று உனக்கே தெரியும்.

ஸ்பிளெண்டரை எடுத்துக்கொள். 1994-ல் அறிமுகமான மாடல், 97.2 சிசி ஹோண்டா எஞ்சின். அதன் வலது பக்கக் கவருக்குள், கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில், ஒரு சின்ன வட்டக் கிண்ணம் எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிறது. ஆயில் அதற்குள் நுழைந்து வெளியேறும்போது இரும்புத் தூளும் கசடும் சுற்றுகிற வேகத்தில் ஓரத்துக்கு எறியப்பட்டுச் சுவரில் அப்பிக்கொள்ளும். அடியில் பெரிய துணுக்குகளைப் பிடிக்க ஒரு கம்பி வலையும் உண்டு. இரண்டையும் மாற்ற வேண்டியதில்லை, கழுவித் துடைத்து மாட்டினால் போதும். கவரைக் கழற்றுகிற கூலி, கவருக்குப் புதுப் பாக்கிங், அவ்வளவுதான் செலவு. ஆனால் இதை யாரும் செய்வதில்லை. கீழ்ப் போல்டைத் திறந்து வடித்து, மேலே ஊற்றி, பத்து நிமிஷத்தில் வண்டியை வெளியே தள்ளிவிடுகிறார்கள். கிண்ணம் வருஷக்கணக்காகத் திறக்கப்படாமலே கிடக்கும். உள்ளே தார் மாதிரி கெட்டியாகக் கசடு சேர்ந்து, புதிதாக வருகிற அழுக்குக்கு இடமே இல்லாமல் போகும். அதன்பிறகு எவ்வளவு உயர்ந்த ஆயில் ஊற்றினாலும் அந்தத் தூள் ஆயிலோடுதான் சுற்றிக்கொண்டிருக்கும். அப்பாவின் வண்டியில் ஆயிலுக்கு ஆகிற காசை மிச்சம் பிடி, அந்தக் கவரைக் கழற்றுகிற கூலியைத் தாராளமாகக் கொடு. பாக்கிங் வாங்காமல் பழையதையே ஒட்டிவைக்கிறேன் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதே, கசியும்.

பால்சரில் உண்மையிலேயே காகித ஃபில்டர் இருக்கிறது. எஞ்சினின் பக்கவாட்டில் சின்ன மூடி, அதற்குள் விரல் நீளத்துக்கு ஒன்று. கம்பெனி ஒரிஜினலே 100 ரூபாய்க்குள் முடிந்துவிடும். இதில் போய் டூப்ளிகேட் வாங்கி இருபது, முப்பது ரூபாய் மிச்சம் பிடிப்பது வீண். மட்டமான ஃபில்டரில் காகிதம் பிய்ந்து, அந்தத் துகளே ஆயில் போகிற சின்ன ஓட்டைகளை அடைக்கும். கூடவே ஓ-ரிங்கும் டிரெயின் போல்ட் வாஷரும் கேட்டு வாங்கு, எல்லாம் சில்லறைக் காசு. பழைய ஃபில்டரை வெளியே எடுக்கும்போதே எந்த முனை உள்ளே பார்த்து இருந்தது என்று கவனித்துக்கொள். திருப்பி மாட்டினால் ஆயில் ஃபில்டரைத் தொடாமலோ தடைபட்டோ போகும்.

புல்லட்டைப் பற்றித்தான் கொஞ்சம் நிறையச் சொல்ல வேண்டும். மாமாவிடமிருந்து வாங்கியது பழைய வார்ப்பிரும்பு எஞ்சின். திருவொற்றியூரில் அரை நூற்றாண்டுக்கு மேல் செய்த எஞ்சின் அது. 2010 வாக்கில் நிறுத்திவிட்டு, கியர்பாக்ஸும் எஞ்சினும் ஒரே கூட்டுக்குள் இருக்கிற யூசிஇ எஞ்சினுக்கு முழுக்க மாறிவிட்டார்கள். கடையில் போய் ‘புல்லட் ஆயில் ஃபில்டர்’ என்று மட்டும் கேட்டால் அந்தப் புது எஞ்சினுக்கானதை எடுத்துக் கொடுப்பார்கள், அது உன் வண்டியில் உட்காராது. ‘பழைய காஸ்ட் அயர்ன், ஃபெல்ட் ஃபில்டர்’ என்று சொல்லிக் கேள். வலது பக்க டைமிங் கவரில் தனி அறைக்குள் இருக்கிற கம்பளி ஃபில்டர் அது. விலை குறைவுதான்.

அதை மாற்றும்போது ஒரு விஷயத்தில் கண்ணும் கருத்துமாக இரு. பம்ப் தள்ளுகிற ஆயில் அந்த அறை வழியாகத்தான் கிராங்க்கின் பிக் எண்ட் பேரிங்குக்குப் போகிறது. புது ஃபில்டர் போட்டதும் அறை காலியாக இருக்கும். அப்படியே கிக்கர் அடித்து ஸ்டார்ட் செய்தால் அறை நிரம்புகிறவரை பிக் எண்ட் காய்ந்தபடி ஓடும். புல்லட்டில் பெரிய செலவு வைக்கிற இடமே அதுதான். அறையில் கையால் ஆயில் ஊற்றி நிரப்பிவிட்டு மூடச் சொல். பக்கத்தில் நின்று பார்.

இனி ஆயிலுக்கு வருகிறேன். டப்பாவின் முன்பக்கத்துப் படத்தையும் பெயரையும் விட்டுவிடு, பின்பக்கத்தைத் திருப்பு. மூன்று விஷயம் எழுதியிருக்கும். முதலாவது கிரேடு: 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்று. ஸ்பிளெண்டருக்குக் கம்பெனி சொல்வது 10டபிள்யூ-30. பால்சருக்கும் புல்லட்டுக்கும் 20டபிள்யூ-50. இரண்டாவது ஏபிஐ என்கிற தரக்குறிக்குப் பக்கத்தில் இரண்டெழுத்து. எஸ்ஜே, எஸ்எல், எஸ்எம், எஸ்என் என்று காலத்துக்கேற்ப ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. எஸ்எல் 2001-ல் வந்தது. உன் வண்டிகளுக்கு அது தாராளம். மூன்றாவதுதான் முக்கியம்: ஜாசோ எம்ஏ.

கார் எஞ்சின் ஆயில் கிளட்ச்சைத் தொடுவதில்லை. ஸ்பிளெண்டரிலும் பால்சரிலும் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் முங்கிக் கிடக்கின்றன. பெட்ரோல் மிச்சமாக வேண்டும் என்று கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கிற சரக்குகளைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். அதை பைக்கில் ஊற்றினால் கிளட்ச் பிளேட் வழுக்கும். முறுக்கினால் எஞ்சின் கத்தும், வண்டி நகராது. அதற்காகத்தான் ஜப்பான்காரர்கள் 1998-ல் பைக் ஆயிலுக்கென்று ஜாசோ தரத்தைத் தனியாகக் கொண்டுவந்தார்கள். எம்ஏ என்றால் கிளட்ச்சுக்குப் பொருந்தும். எம்பி என்றால் உராய்வு குறைவு, ஸ்கூட்டருக்கானது, கியர் வண்டிக்கு வேண்டாம். ஏபிஐ முத்திரை வட்டத்துக்குள் ‘ரிசோர்ஸ் கன்சர்விங்’ என்றோ ‘எனர்ஜி கன்சர்விங்’ என்றோ இருந்தால் அந்த டப்பாவைத் திருப்பி வைத்துவிடு. ஜாசோ எம்ஏ-வில் பழைய எஞ்சினுக்கு இன்னொரு லாபமும் உண்டு. கேமும் ராக்கரும் தேயாமல் காக்கிற பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று அதில் விதி இருக்கிறது.

இந்த மூன்றும் பொருந்தினால் எந்தக் கம்பெனி என்பது எனக்குப் பெரிய விஷயமில்லை. சர்வோ, மேக், எச்பி எல்லாம் அரசு எண்ணெய் நிறுவனங்களின் சரக்கு. பெட்ரோல் பங்க்கிலேயே கிடைக்கும். விளம்பரம் குறைவு, அதனால் விலையும் பெரும்பாலும் குறைவு. சாதாரண மினரல் ஆயில் லிட்டர் 400 ரூபாய் சுற்றி வரும். உன் சீட்டில் எழுதியிருக்கிற ஃபுல் சிந்தெடிக் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அது நல்ல ஆயில்தான், மறுக்கவில்லை. ஆனால் உன் வண்டிகள் பால் ஊற்றப் போகிறவை. தெருத்தெருவாக நின்று நின்று, சூடேறுவதற்குள் அணைத்து, மறுபடி கிக்கர் அடித்து ஓடுகிறவை. அந்த ஓட்டத்தில் பெட்ரோலும் கரியும் ஆயிலில் கலந்துகொண்டே இருக்கும். ஸ்பிளெண்டரிலும் பால்சரிலும் கியரும் அதே ஆயிலில் அரைபடுவதால் அதன் கெட்டித்தன்மையும் சீக்கிரம் போய்விடும். விலையுயர்ந்ததை ஊற்றிவிட்டு 6,000 கிலோமீட்டர் தள்ளிப்போடுவதைவிட, மினரல் ஊற்றி 3,000-க்கு ஒரு தரம் வடித்துவிடுவது தேய்ந்த எஞ்சினுக்கு நல்லது. செலவு அதைவிட ஏறாது, அழுக்கு இரண்டு தடவை வெளியே போகும்.

லாரி ஆயில் ஊற்றலாமா, பக்கெட்டாக வாங்கினால் மலிவாம் என்று கேட்டிருந்தாய். ஸ்பிளெண்டருக்கும் பால்சருக்கும் கூடாது. டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று அச்சடித்திருந்தால் மட்டும் யோசி. உன் புல்லட்டின் கதை வேறு. அதில் எஞ்சின் ஆயில் தனி, கிளட்ச் இருக்கிற செயின் கேஸ் தனி, கியர்பாக்ஸ் தனி. எஞ்சினுக்குள் இருப்பது கிளட்ச்சைத் தொடாது என்பதால் எஞ்சினுக்கு ஜாசோ எம்ஏ அவசியமே இல்லை, நல்ல 20டபிள்யூ-50 கார் ஆயிலே போதும். இரண்டு லிட்டருக்கு மேல் பிடிக்கிற எஞ்சின் ஆனதால் மிச்சமாவதும் இங்கேதான் அதிகம். செயின் கேஸுக்கு மட்டும் எம்ஏ ஆயில் ஊற்று.

பீப்பாயிலிருந்து அளந்து கொடுக்கிற உதிரி ஆயிலை மட்டும் தொடாதே. வடித்த ஆயிலைத் தெளியவைத்துச் சாயம் போட்டு விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். டப்பாவிலும் போலி உண்டு. மூடியின் வளையம் உடைந்திருக்கிறதா, மூடிக்கு அடியில் தகடு சீல் இருக்கிறதா, பேட்ச் எண்ணும் தேதியும் அழியாமல் இருக்கிறதா என்று பார். ஊரெல்லாம் விற்கிற விலைக்கு ரொம்பக் கீழே ஒருவர் கொடுத்தால் வாங்காதே. ஊற்றிய பிறகு காலி டப்பாவைப் பட்டறையில் விட்டு வராதே. அதை விலை கொடுத்து வாங்கிப் போலி நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கத்தியால் கீறிவிட்டுப் போடு. வடித்த பழைய ஆயிலை வாய்க்காலில் ஊற்றவிடாதே. சென்ட்ரிங் பலகைக்குப் பூசக் கொத்தனார்கள் கேட்பார்கள், மறுசுழற்சிக்குச் சேர்த்துவைக்கிற பட்டறைகளும் உண்டு.

எஞ்சினைக் கழுவுகிறேன் என்று மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டுவார்கள், அதற்கும் இடம் கொடுக்காதே. முழுக்க வடியாமல் மூலையில் நின்று புது ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். ஸ்பிளெண்டரில் அளவு பார்க்கும்போது டிப் ஸ்டிக்கைத் திருகாமல் சும்மா வைத்து எடுத்துப் பார். பழைய எஞ்சின் கொஞ்சம் ஆயில் குடிக்கும், வாரம் ஒருமுறையாவது பார்த்துவிடு.

புல்லட்டின் ஃபெல்ட் ஃபில்டர் அங்கே கும்பகோணத்தில் கிடைக்காவிட்டால் அலையாதே. இங்கே ஜி.பி. ரோட்டில் வாங்கிவிடலாம். புதுப்பேட்டையில் பழைய சாமான் வாங்கலாம், ஆனால் ஃபில்டர், பாக்கிங் போன்றவை அங்கே வாங்குகிற பொருள் கிடையாது. ஸ்பிளெண்டர் வலது கவர் பாக்கிங்கும் பால்சர் ஃபில்டரும் சேர்த்து பஸ் பார்சலில் போட்டுவிடுகிறேன். நான் கணக்குப் போட்டதில் மூன்று வண்டிக்கும் கூலியோடு சேர்த்து 3,000 ரூபாய்க்குள் முடிய வேண்டும்.

மூன்று வண்டியின் எஞ்சின் நம்பரையும் தயாரித்த வருஷத்தையும் ஆர்சி புத்தகத்தில் பார்த்து உடனே எழுது. சனிக்கிழமை கடைக்குப் போகிறேன், அதற்குள் எனக்குக் கிடைக்க வேண்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்