பாசிமணிக்குச் செய்கூலி

நகைக்கடைக்குப் போய்வந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். தங்கத்தின் விலைக்கு மேல் செய்கூலி என்று ஒரு தொகை, சேதாரம் என்று இன்னொரு தொகை. இரண்டையும் கொடுத்துவிட்டு, கடைக்காரர் கொடுத்த குளிர்பானத்தையும் குடித்துவிட்டு, சந்தோஷமாக வீடு திரும்பியிருப்பார்கள். மிஞ்சிப்போனால், "சேதாரத்தில் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். செய்கூலி நியாயம்தான் என்பதில் நம்மில் யாருக்கும் சந்தேகமில்லை. தங்கம் தானாக வளைந்து சங்கிலியாகி விடுமா, என்ன?

ஆனால் இதே நாம், கோயில் வாசலில் துணி விரித்துப் பாசிமணி விற்பவளின் முன்னால் உட்கார்ந்தவுடன் அந்த நியாயம் எங்கேயோ மறைந்து விடுகிறது. கண்ணாடி மணிகள் மட்டும் தாமாகவே நடந்து வந்து வரிசையில் நின்று மாலையாகி விட்டன என்று நினைத்துக்கொள்கிறோம் போலிருக்கிறது.

புதுக்கோட்டையில் திருவப்பூர் மாரியம்மன் கோயில் மாசித் திருவிழா விசேஷமானது. சில வருஷங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் குடும்பத்தோடு போயிருந்தேன். கூட்டத்தை விட்டு ஒதுங்கி, வேலியோரமாக நரிக்குறவப் பெண்கள் நாலைந்து பேர் கடை போட்டிருந்தார்கள். கடை என்றால் ஒரு பழைய புடவை, அதன்மேல் மாலைகள், அவ்வளவுதான். தங்களுக்குள் அவர்கள் வாக்ரிபோலி பேசிக்கொண்டார்கள். குஜராத்திப் பக்கத்து உறவுள்ள பாஷை அது. நம்மிடம் பேசும்போது நல்ல தமிழ்.

நண்பரின் மனைவி பச்சைக் கண்ணாடி மாலை ஒன்றை எடுத்துப் பார்த்துக் கொண்டிருந்தார். நான் விற்கும் பெண்ணின் கைகளைப் பார்த்துக் கொண்டிருந்தேன். இடது கையில் மெல்லிய கம்பி, வலது கையில் சின்னக் குறடு. மணியைக் கம்பியில் கோர்த்தாள். நுனியை மடக்கி ஒரு கண் செய்தாள். மிச்சக் கம்பியைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி நறுக்கினாள். அந்தக் கண்ணுக்குள் அடுத்த கம்பியை நுழைத்தாள். ஒரு மணிக்கு இரண்டு கண். 60 மணி உள்ள மாலைக்கு 120 கண். இத்தனையும் செய்துகொண்டே, மடியில் கிடந்த குழந்தை கம்பியைப் பிடித்து இழுக்காமலும் பார்த்துக்கொண்டாள்.

"எவ்வளவும்மா?" என்றார் நண்பரின் மனைவி.

"நூத்தம்பது, அம்மா."

"கண்ணாடி மணிதானே? அம்பது ரூபாய்க்குக் கொடு."

அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. மாலையை வாங்கி, குறட்டை அதன் முதல் கண்ணில் வைத்தாள். "அம்பது ரூபா மணிக்குச் சரிதான். அவுத்துத் தர்றேன். மணியை நீ எடுத்துக்க. கட்டினதை நான் வெச்சுக்கிறேன்" என்றாள்.

நண்பர் பக்கென்று சிரித்துவிட்டார். அவருடைய மனைவிக்கு முகம் சிவந்தது; பிறகு அவரும் சிரித்தார். நூற்றைம்பதைக் கொடுத்துவிட்டு அங்கேயே மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அந்தப் பெண் எங்கள் கூட வந்த பையனுக்குத் திருஷ்டிக்காக ஒரு கறுப்பு மணி கட்டிவிட்டாள். அதற்குக் காசு கேட்கவில்லை.

"மணியும் நீங்கள் செய்வதுதானா?" என்று கேட்டேன்.

"இல்லை சாமி. மணி வடக்கேயிருந்து வருது. கிலோ கணக்கில் வாங்குறோம். கட்டுறதுதான் எங்க கை" என்றாள். பிளாஸ்டிக் மணியைக் கண்டுபிடிக்கவும் சொல்லிக் கொடுத்தாள். கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சில்லென்று இருந்தால் கண்ணாடி.

வடக்கேயிருந்து வரும் அந்த மணியிலும் ஒரு கை இருக்கிறது. காசியில் விளக்கின் நீலச் சுடரில் கண்ணாடிக் கோலை உருக்கி, கம்பியின்மேல் ஒவ்வொன்றாகச் சுற்றி மணி செய்கிறார்கள். திருப்பதிக்குப் பக்கத்தில் பாப்பாநாயுடுபேட்டையில் பழைய முறை வேறு. உலையில் உருகிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழாயின் முனையில் திரட்டி, நடுவில் துளை விழும்படி கம்பியைச் செலுத்துவார்கள். எதிரே இருப்பவர் அந்த உருண்டையிலிருந்து சன்னமான குழல் ஒன்றைக் கை மாற்றிக் கை மாற்றி இழுத்துக்கொண்டே இருப்பார். ஆறிய குழலைத் துண்டு துண்டாக நறுக்கி, சாம்பலோடு சேர்த்துச் சூடாக்கினால் ஓரங்கள் மழுங்கி மணியாகிவிடும். சாம்பல் எதற்கு என்றால், மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் துளை அடைபடாமலும் இருக்க. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். இப்படி இழுத்துச் செய்யும் மணி அங்கே இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே உருவானது. அந்த வகை மணி கிழக்கே ஜப்பான் வரையிலும் மேற்கே ஆப்பிரிக்கா வரையிலும் கிடைப்பதால், பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் அதற்கு 'இந்தோ-பசிபிக் மணி' என்று பெயர் வைத்தார்.

அவ்வளவு தூரம் போவானேன்? புதுக்கோட்டைக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் பொற்பனைக்கோட்டை இருக்கிறது. 2023-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழாய்வைத் தொடங்கியது. தங்க மூக்குத்தியும் சூதுபவள மணியும் கிடைத்ததைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி மணிகளும் கிடைத்தன. ஆனால் மண்ணுக்குள்ளிருந்து மணிதான் வருகிறது, மாலை வருவதில்லை. கோர்த்த நூல் எப்போதோ மக்கிப் போய்விட்டது. கோர்த்தவளின் வேலை அந்த நூலோடு போய்விட்டது. மணியைத் துணியில் பொதிந்து, எண் போட்டுப் பத்திரப்படுத்துகிறோம். கட்டினவளுக்கு எண்ணும் இல்லை, பெயரும் இல்லை.

இன்று கட்டுகிறவர்களுக்கு இது பொழுதுபோக்கு அல்ல. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டையை நம்பிப் பிழைக்க வழியில்லாமல் போயிற்று. பாசியும் ஊசியும்தான் பலருக்குச் சோறு போட்டன. ஊர் ஊராகத் திருவிழாவைத் தேடிப் போக வேண்டும். பஸ் கட்டணம் கொடுக்க வேண்டும். "இங்கே உட்காராதே" என்றால் எழுந்து அடுத்த இடம் பார்க்க வேண்டும். கடைக்காரருக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு சுவரும், சுவரில் ஒரு விலைப்பட்டியலும் இருக்கின்றன. இவர்களுக்கு இரண்டும் கிடையாது. அதனால்தான் நம் வாய் அங்கே அத்தனை தாராளமாகத் திறக்கிறது.

2022 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றி, நரிக்குறவரையும் குருவிக்காரரையும் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்தது. பிள்ளைகளின் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் அது உதவும். நல்ல காரியம். ஆனால் கோயில் வாசலில் ஒரு மாலைக்கு என்ன கொடுப்பது என்று எந்தச் சட்டமும் சொல்லப் போவதில்லை. அதை நாம்தான் சொல்கிறோம், தினமும்.

பேரமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பேரம் இல்லாத திருவிழா உப்பில்லாத பண்டம். கொஞ்சம் கேளுங்கள், கொஞ்சம் விட்டுக்கொடுங்கள், சிரித்துப் பேசுங்கள். ஆனால் வாயைத் திறப்பதற்கு முன் மாலையில் எத்தனை கண் இருக்கிறது என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். மணிக்கு விலை வேறு, கட்டினதற்கு விலை வேறு.